பின் சீட்டில் ஒரு வேட்டைக்காரர்

கார் ஓட்டப் பழக்குபவனுக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பின்னால் வருகிறவரின் வாய்க்குத்தான் இன்னும் யாரும் பிரேக் பூட்டித் தரவில்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கூரையில் பயிற்சிப் பலகையோடு மணிக்கு முப்பது கிலோமீற்றரில் ஊர்ந்து, ஊரிலுள்ள அத்தனை ஹோர்னையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். இது உங்களுக்காக.

நெற்றியில் தட்டியவர்

செல்வி அக்கா மன்னார் ஆள், வயது ஐம்பத்திரண்டு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. காலை வேலைக்கு முதல் பஸ்சைப் பிடித்தாலும் பிந்திப்போகிறது என்று லைசென்ஸ் எடுக்க என்னிடம் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை சிக்னலில் பச்சை விழுந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றது. ஸ்டார்ட் பண்ணினார், மறுபடி நின்றது. பின்னால் ஒரு ஜீப் விடாமல் ஹோர்ன் அடித்தது.

பிறகு அது எங்களை முந்தியது. ஓட்டிய நரைமீசைக்காரர் எங்களைப் பார்த்துத் தன் நெற்றியில் விரலால் தட்டிக் காட்டினார். இந்த நாட்டில் அதற்கு 'உனக்கு மூளை கழன்றுவிட்டதா' என்று அர்த்தம். வழக்குப் போனால் அபராதம்கூட வரும். அக்காவோ உருகிப்போனார்.

"பாவம் தம்பி, அந்த மனுசனுக்கு வீட்டில என்ன கரைச்சலோ, தலைவிதி எண்டு காட்டிப்போட்டுப் போறார்."

இறங்கி வந்தவர்

அடுத்த சிக்னலில் மீசைக்காரர் எங்களுக்கு முன்னால் நின்றார். நின்றவர் இறங்கி வந்து அக்கா பக்கக் கண்ணாடியில் கையால் குத்தினார், கத்தினார். பச்சை விழுந்ததும் ஏறிப் போய்விட்டார். அக்கா தன் பக்கக் கதவுப் பூட்டை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். என் பக்கத்தை நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது?

இனிக் காரே வேண்டாம் என்றுதான் அக்கா அன்று இறங்கினார். மறுநாள் இரண்டு பக்கம் தமிழில் எழுதிய முறைப்பாட்டோடு வந்து நின்றார். அதை ஜெர்மனில் மாற்றிப் பொலிசுக்குக் கொடுப்பது என் பொறுப்பாம்.

"எழுத்துப்பிழை இருந்தாத் திருத்துங்கோ தம்பி, ஆனா என்ர கோவத்தில மட்டும் கை வைக்கக் கூடாது."

மூன்று துவக்கு

எங்கள் காரின் கதவில் தொலைபேசி எண் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து வைத்திருந்த மீசைக்காரர் அன்று மத்தியானமே அழைத்துவிட்டு, மனைவியோடு நேரில் வந்தார். பெயர் ஹார்ட்மன்; இங்கே மரியாதைக்கு ஹெர் ஹார்ட்மன் என்போம். ஓய்வு பெற்றவர், வேட்டைக்காரர், வீட்டில் மூன்று துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, இருக்கிறது. துவக்கு என்றதும் நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன். அதற்குப் பயந்துதானே நாங்கள் நாடு விட்டு வந்தோம்.

விசயம் இதுதான். இங்கே துவக்கு வைத்திருப்பவர் நம்பத்தகுந்த ஆளாக இருக்கவேண்டும். போன வருடமே ரோட்டில் சண்டை பிடித்ததாக ஒருவர் முறையிட்டு, துவக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம் இவரை எச்சரித்திருந்தது. இன்னொரு முறைப்பாடு போனால் துவக்கும் வேட்டை அனுமதியும் பறிபோகும். காடு இல்லாவிட்டால் தனக்கு வேறொன்றும் இல்லை என்று மனுசன் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். காட்டு மரமேடையில் மணிக்கணக்காக வாய் திறக்காமல் காத்திருப்பாராம்; ஏறி உட்கார்ந்த பிறகுதான் துவக்கில் குண்டு போடுவாராம், இறங்குமுன் எடுத்துவிடுவாராம், முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லையாம். மனைவி தலையாட்டினார்.

"அது உண்மை. அவர் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். காரில் பால் வாங்கப் போனால்தான் எனக்குப் பயம்."

அக்காவின் நிபந்தனை

கடிதத்தை நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. முடிவு அக்காவுடையது என்று சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டு, அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அக்கா கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கைப்பையில் வைத்தார். பிறகு பின் சீட்டைப் பற்றி விசாரித்தார். எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒருவர் ஓட்டும்போது இன்னொரு மாணவர் பின் சீட்டில் இருந்து பார்ப்பது வழக்கம். அதைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"காட்டில மணிக்கணக்கா வாய் திறக்காமல் இருக்கிறவராமே? நான் பாஸ் பண்ணுமட்டும் எனக்குப் பின்னால இருக்கட்டும். ஒரு சொல்லுக் கதைச்சாலும் கடிதம் பொலிசுக்குப் போகும்."

காது சிவந்த நாள்

வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு பாடம் பின் சீட்டில் இருந்தார். ஹோர்ன் கேட்கும் போதெல்லாம் மனுசனின் காது மிளகாய்ப்பழமாய்ச் சிவக்கும்; வாய் திறக்காது. தான் அடித்த ஹோர்ன் உள்ளே எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் அறிந்திருப்பார்.

ஏழாவது பாடத்தில் ஒரு பார்சல் வான் எங்களை உரசுகிற மாதிரி வெட்டிக்கொண்டு போய்ச் சிக்னலில் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, இங்கே எழுதமுடியாத தமிழில் நாலு வார்த்தை விட்டேன். இறங்கிப் போகப் பெல்ட்டையும் கழற்றிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. "ஆசிரியரே, உங்களிடமும் பறிபோகக்கூடிய ஒரு லைசென்ஸ் இருக்கிறது" என்றார் ஹெர் ஹார்ட்மன், ஜெர்மனில்.

சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. அக்கா காரை அழகாக ஓரங்கட்டி நிறுத்தினார், முதல் தடவையாக எஞ்சின் நிற்காமல். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன்.

"இது கதைச்சதில சேராது தம்பி. நீங்கள் பெல்ட்டைப் போடுங்கோ."

சுவரைப் பார்த்து நின்றோம்

அக்கா இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணினார். அடுத்த ஞாயிறு ஹார்ட்மன் வீட்டில் கோப்பிக்கு அழைப்பு. அக்கா ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோய் மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் அந்தக் கடிதத்தையும் வைத்தார். கிழிப்பதென்றால் ஹார்ட்மனே கிழிக்கட்டும் என்றார்.

அவர் கிழிக்கவில்லை. எங்களையும் மனைவியையும் துவக்குகளைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டி இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய், மூவரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அனுமதி இல்லாத யாரும், மனைவிகூட, அதன் பூட்டு எண்ணை அறியக் கூடாதாம். நின்றோம். திரும்பிப் பார்த்தபோது பெட்டிக் கதவின் உட்பக்கம் கடிதத்தை ஒட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு கொளுக்கியை ஒட்டிக் கார்ச் சாவியைத் தொங்கவிட்டிருந்தார். இனி ரோட்டில் இறங்குவதென்றால் அந்தக் கதவைத் திறந்து, கடிதத்தையும் துவக்கையும் பார்த்துவிட்டுத்தான் சாவி எடுக்கவேண்டும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹார்ட்மனின் மனைவி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"முப்பத்தைந்து வருடமாக நான் ஜெர்மனில் சொன்னது இவருக்கு ஏறவில்லை, வாசிக்கத் தெரியாத இரண்டு பக்கத்துக்குப் பயப்படுகிறார்."

இதை வீட்டில் சொல்லி நமக்கும் அப்படி ஒரு பெட்டி வாங்கினால் என்ன என்று கேட்டேன், கார்ச் சாவி கிடக்கட்டும், என் வாயை வைக்கிற அளவில் இருக்கிறதா என்று விசாரித்துவரச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி.