நீலப் பாட்டிலும் நாத்தனார் பெட்டியும்

பெரியவளுக்குப் பொறாமை பிறவிக் குணம் இல்லை. அது அவளுக்கு நாற்பத்தாறாவது வயதில் வந்தது, சிலருக்குச் சர்க்கரை வருகிற மாதிரி. வருவதற்கு முன்னால் ஒரு அறிகுறி கிடையாது. வந்த பிறகோ எதைத் தொட்டாலும் ஏறியது.

இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காய்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புவாள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. நாலு மூலையும் ஒன்றோடு ஒன்று உட்கார்ந்தால்தான் கை அடுத்ததை எடுக்கும். வீட்டிலும் அப்படித்தான். டம்ளர் கூட வரிசையில் கொஞ்சம் கோணினால் அவளுக்குத் தூக்கம் வராது. புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறப்பார், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்னால், பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் அடித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார். ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். தெருவைப் பார்த்து இரண்டு வாசல், ஆளுக்கு ஒரு கூடம், ஆளுக்கு ஒரு ஜன்னல். நூல் பிடித்து அளந்து பிரித்தது, ஒரு சாண் கூடக் குறைய இல்லை. ஜன்னல் மட்டும் சின்னவன் பக்கம் கிழக்கே பார்த்தது, பெரியவன் பக்கம் மேற்கே பார்த்தது. மேற்கு வெயில் அனலாக அடிக்கிறது என்று மாமனாரே அந்த ஜன்னலில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். அது அப்படியே இருந்தது.

சின்னவன் வேன் ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி சின்னவளுக்குச் செருப்புக் கடையில் அரை நாள் வேலை. வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு வியாதி. பெரியவள் எதையாவது குப்பைக்கு எடுத்துப்போனால் வாசலில் வந்து நிற்பாள்.

"அக்கா, இது வேணாமா?"

"ஓட்டைக் கெட்டில். எதுக்கு உனக்கு?"

"சும்மா குடுங்க."

அப்படிச் சும்மா கொடுத்ததுதான் எல்லாம். ஓரம் உடைந்த வட்டக் கண்ணாடி. நடுவில் கிழிந்த பச்சைச் சேலை. இருமல் மருந்து தீர்ந்த பழுப்புப் பாட்டில் ஏழு. மாமனார் குடித்த பேதி மருந்துப் பாட்டில் ஒன்று, அது நீலம். குப்பை ஒழிந்ததே என்று பெரியவளும் மகராசியாகக் கொடுத்தாள்.

சின்னவள் அந்தப் பாட்டில்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுத்தில் நூல் கட்டி, ஒரு துடைப்பக் குச்சியில் வரிசையாக ஜன்னலில் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒரு பூ. கடையில் வாங்கின பூவா? சாக்கடை ஓரத்தில் முளைத்த மஞ்சள் பூ, கூடையில் முளைவிட்ட வெங்காயத்தை நட்டு வந்த வெள்ளைப் பூ, பூத்து வீணாய்ப்போன கொத்தமல்லி. கெட்டிலில் கொடி வைத்தாள். சேலை திரையாயிற்று. செருப்பு டப்பாவில் வருகிற மெல்லிய தாளை ஒட்டி பல்புக்குக் குல்லாய் செய்தாள். காலையில் கிழக்கு வெயில் விழுந்தால் அந்தக் கூடத்தில் நுழைகிற யாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள். பால் ஊற்றுகிறவன் கூட நிறுத்தினான்.

அதையும் பெரியவள் பொறுத்தாள். குப்பையில் கோட்டை கட்டுகிறாள், கட்டட்டும் என்றிருந்தாள். பொறுக்க முடியாமல் போனது போன வருஷம், நாத்தனார் வந்தபோது.

நாத்தனார் இரண்டு தம்பிகளுக்கும் மூத்தவள். தூரத்து ஊரில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை பதினைந்து நாள் லீவில் ஒரு தகரப் பெட்டியோடு வருவாள். பெரியவளுக்கு வருஷத்தில் அந்தப் பதினைந்து நாள்தான் வருஷம். காலையில் இரண்டு பேரும் தேநீரோடு உட்கார்ந்தால், யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, யார் மருமகள் யாருக்கு என்ன பதில் சொன்னாள் என்று மூன்று தலைமுறையையும் உதறிக் காயப்போட்டு மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பெட்டி எப்போதும் பெரியவள் வீட்டில்தான் இறங்கும். போன வருஷம் நாத்தனார் சின்னவளின் வாசலில் எட்டிப் பார்த்தவள், "அட!" என்றாள். "ரெண்டு நாள் இந்த ஜன்னல் பக்கத்துல படுத்துக்கறேனே," என்றாள். ரெண்டு நாள் பதினைந்து நாளாயிற்று. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் கேட்காது. பெரியவள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தும் பார்த்தாள். காதில் வளையம் பதிந்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் வந்தது. புதன்கிழமை காலையில் பெரியவள் சின்னவளின் கூடத்தில் போய் நின்றாள்.

"அந்தப் பாட்டிலெல்லாம் வேணும். உங்க மாமாவுக்கு மருந்து ஊத்தி வைக்கணும்."

"எட்டுலயுமா அக்கா?"

"அவருக்கு வகை வகையா இருமல் வருது."

"கண்ணாடி?"

"தாடி வழிக்கணும்."

"கெட்டில்ல ஓட்டை இருக்கே?"

"ஓட்டை இருந்தா என்ன, நான் சாயாம பிடிச்சுக்குவேன்."

"சரி. சேலை? அதுல பாதிதான் இருக்கு."

"பாதி உடுத்திக்குவேன்!"

சின்னவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள். கெட்டிலிலிருந்த கொடியைப் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் நட்டாள். பாட்டில்களின் கழுத்திலிருந்த நூலை மட்டும் பல்லால் கடித்து அறுத்து எடுத்துக்கொண்டாள்.

"நூல் என்னோடது," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

பெரியவள் கூடையோடு வெளியே வந்தபோது எதையோ ஜெயித்த மாதிரி இருந்தது, எதையோ திருடின மாதிரியும் இருந்தது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புருஷனைக் கூப்பிட்டு ஜன்னல் பலகையைக் கழற்றச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. நூலுக்குப் பதிலாக, சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட விரிப்பின் ஓரத்தைக் கிழித்து வெள்ளை நாடாவாக்கினாள். சின்னவள் பாட்டில்களை மேலும் கீழுமாக, காக்கை உட்கார்ந்த கம்பி போலத் தொங்கவிட்டிருந்தாள். பெரியவள் கை விடுமா? எட்டும் ஒரே மட்டம், நடுவில் ஒரே இடைவெளி, நீலம் சரியாக மூன்றாவது. பூவும் பறித்து வந்தாள். பாதிச் சேலையை ஜன்னலோரம் திரையாக்கி, கண்ணாடியை எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மருந்துக்கடை மாதிரி இருந்தது. பழுப்பு பழுப்பாகவே இருந்தது. கண்ணாடியில் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாசிச் சுவர் தெரிந்தது. மூன்று நாளும் மதியம் வேலைக்குப் போய் ராத்திரி திரும்பினால் பூவெல்லாம் அவித்த கீரையாகத் தொங்கியது. ஏதோ ஒன்றைச் சின்னவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டுவிட்டாள் என்று பெரியவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. என்னவென்றுதான் தெரியவில்லை. நூலில்தான் என்னவோ இருக்கிறது என்று கூட நினைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரியவள் வாசலில் நின்றாள். நாத்தனார் இறங்கி, அவள் கன்னத்தைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, என் தம்பிக்கு அவ்வளவு இருமலா?"

அவ்வளவுதான். பெட்டி சின்னவள் வாசலில் இறங்கிற்று. பெரியவள் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றாள். இந்தத் தடவை டம்ளர் தேவைப்படவில்லை, நாத்தனார் குரல் அப்படி.

"என்னடி இது, வீட்டை யாராவது ஜப்தி பண்ணிட்டாங்களா? போன வருஷம் அவ்வளவு அழகா வெச்சிருந்தே!"

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லுவாள். இருமல், தாடி, பாதிச் சேலை, எல்லாம் வெளியே வரும்.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்னு இறக்கினேன் அண்ணி," என்றாள் சின்னவள். "பாட்டிலை நான்தான் அக்காகிட்ட குடுத்து வெச்சிருக்கேன்."

பெரியவள் அப்படியே உட்கார்ந்தாள். இதுவரை பாட்டிலுக்கும் திரைக்கும் பொறாமைப்பட்டால் போதுமாயிருந்தது. இனிமேல் இவள் குணத்துக்கும் சேர்த்துப் பட வேண்டுமா? ஒரு ஆள் எத்தனைக்குத்தான் படுவது? காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு சண்டை போட்டாவது ஆறியிருக்கும்.

ஆத்திரத்தில் வாடின பூவையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் நின்றது. பிறகு சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நாலரை மணி இருக்கும். பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவரில் எட்டு வெளிச்சம். ஏழு தேன் நிறத்தில், மூன்றாவது நீலம். ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில், அவளே மடித்து அடுக்கி வைத்த மாதிரி. பாட்டிலில் தண்ணீர் அசைய, அவையும் மூச்சு விடுவது போல அசைந்தன. கண்ணாடியில் பட்டு இன்னும் ஒரு வெளிச்சம் உத்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சேலை பச்சையாக எரிந்தது.

இருபத்தாறு வருஷத்தில் இந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததெல்லாம் வார லீவு நாளில்தான். அப்போது பலகை அடைத்திருந்தது. சாயங்காலம் என்றால் அவளுக்குச் சலவைக்கூடத்து நீராவியும் குழல் விளக்கும்தான். தன் வீட்டுக்கு இப்படி ஒரு நேரம் இருக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்ல? கையிலிருந்த துணியோடு தரையில் உட்கார்ந்தாள். மடிக்கவில்லை. நீல வெளிச்சம் மெல்ல நகர்ந்து அவள் புறங்கைமேல் வந்து உட்கார்ந்தது.

"ஏண்டி, ஒரு ஊக்கு இருந்தா குடு," என்று உள்ளே வந்தாள் நாத்தனார். வந்தவளும் நின்றாள். பிறகு ஜன்னலருகே போய் மூன்றாவது பாட்டிலைத் தொட்டாள்.

"இது எங்க அப்பாவோட பேதி மருந்து பாட்டில்தானே?"

"ஆமா அண்ணி."

"ராஸ்கல். இதைக் குடிக்க மாட்டேன்னு என்னை எத்தனை நாள் அழவெச்சிருக்காரு தெரியுமா? இப்ப பாரு, எப்படி நிக்கறாருன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். "சின்னவ தொங்கவிட்டா மேலயும் கீழயும் ஆடும். இது உன் கை. இவ்வளவு நாளா இந்த ஜன்னலை எங்கடி வெச்சிருந்தே?"

"பலகைக்குப் பின்னால," என்றாள் பெரியவள்.

நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்தாள். "டீ போடு. நான் இங்கயே இருக்கேன்."

"பெட்டி?"

"பெட்டி எங்க இருந்தா என்ன?"

"இல்ல. பெட்டியும் வரணும்."

சொல்லிவிட்டுத் தானே கிளம்பினாள். சின்னவளின் கூடம் அந்த நேரத்தில் கிணற்றின் அடி மாதிரி மங்கலாக இருந்தது. பல்பு போட்டிருந்தாள். பெரியவள் பெட்டியின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வந்து மற்றக் காதைப் பிடித்தாள்.

"அண்ணி இதுல என்ன, ஆஸ்பத்திரியவே அள்ளிட்டு வந்திருக்காங்களா?"

"பேசாம தூக்கு."

வாசல் தாண்டி வாசல் பதினோரு காலடி. உள்ளே வந்ததும் சின்னவள் தன் பக்கத்தைத் தொப்பென்று போட்டாள். சுவரைப் பார்த்தாள். உத்தரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று வந்தது. பெரியவளுக்கு அதை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. தன் சேலையை அடுத்தவள் கொடியில் பார்த்தால் தெரியாதா? ஒரு வருஷமாக அவள் கட்டியிருந்த அதே பொறாமைச் சேலை. இப்போது சின்னவள் இடுப்பில்.

பெரியவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம். பொய் சொல்லுவானேன்?

"எனக்குச் சாயங்காலமே கிடையாது அக்கா," என்றாள் சின்னவள். "மூணு மணிக்கே பல்பு போடறேன்."

"எனக்குக் காலையே கிடையாது. கேட்டேனா?"

"கேக்கலை. அள்ளிட்டு வந்துட்டீங்க."

நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுண்ணாம்பு அடிக்கறதா சொன்னே?" என்றாள். பெரியவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்று டம்ளரோடு வந்தபோது சின்னவள் சொன்னாள். "பழுப்பு உங்களுக்கே இருக்கட்டும். நீலத்தை மட்டும் குடுங்க அக்கா. காலைல அது ஒண்ணு போதும் எனக்கு."

பெரியவள் யோசித்தாள். பழுப்பில் நாலு தருகிறேன் என்றாள், கண்ணாடி தருகிறேன் என்றாள், கெட்டிலையும் கொண்டுபோ என்றாள். நீலம் மட்டும் முடியாது.

"சரியான ஆள் நீங்க," என்று எழுந்து போனாள் சின்னவள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தால், ஒரு வெங்காயப் பூவோடு திரும்பி வந்தாள். ஸ்டூல் கூடப் போடாமல் எக்கி நின்று நீலப் பாட்டிலில் செருகினாள்.

"அதையாவது நேரா வெச்சியா?" என்றாள் பெரியவள்.

"பூ கோணலாத்தான் இருக்கும்."

பெரியவளின் கை துடித்தது. ஆனாலும் அதை அப்படியே விட்டாள்.

அந்தப் பதினைந்து நாளும் நாத்தனார் காலைத் தேநீருக்கு அந்தப் பக்கம் போனாள். பெரியவளும் கூடவே போனாள், அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. சிரிப்பு பெரும்பாலும் அவளைப் பற்றித்தான். பெரியவள் தன் லீவை நீட்டிக்கொண்டதால் சாயங்காலம் மூன்று பேரும் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். பிறகு நாத்தனார் போனாள், பெரியவள் காலை ஷிஃப்டுக்கு மாற்றி எழுதிக்கொடுத்து நாலு மணிக்கு வீடு வரத் தொடங்கினாள். பழுப்புப் பாட்டில் நாலு சின்னவள் ஜன்னலுக்குத் திரும்பிப் போயிற்று, நாடாவோடு.

நீலத்தை மட்டும் தரவில்லை. சின்னவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கேட்க வரும்போதெல்லாம் கையில் ஒரு பூ இருக்கும்.