கிழக்கே சாய்ந்த பானைகள்

பானை வனைகிற தொழிலில் மண் எதிர்த்துப் பேசாது. வாங்க வருகிறவர்தான் பேசுவார். கடை போட்டு உட்கார்ந்து அவதிப்பட்ட யாருக்கும் இது விளங்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் என் கொட்டகை. பொங்கல் பானைகள் வனைந்து வரிசையாக நிற்கின்றன, வெயிலைக் காணோம். ஈரப்பானையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். பொங்கலுக்குள் சுடாவிட்டால் எவன் வாங்குவான்? வருசச் சோறே அந்த ஒரு சூளைதான்.

தட்டிப் பார்த்தவர்

பக்கத்துத் தோட்டத்து மாயாண்டி முன்கூட்டியே பானை பொறுக்க வந்தார். தட்டிப் பார்த்து எடுப்பது வழக்கம், சரி. சுடாத பானையையுமா? “தொடாதீங்க” என்பதற்குள் சுண்டிவிட்டார். விரல் முட்டி உள்ளே போய்விட்டது. துடைத்துக்கொண்டு அடுத்ததையும் சுண்டினார். அதிலும் ஓட்டை. கையைப் பிடித்து இழுத்தேன். கோபம் அவருக்குத்தான்.

“என்னண்ணே, ஒண்ணுலகூடச் சத்தம் வரல? இதை நம்பி எப்படிப் பொங்க வைக்கிறது?”

வீட்டுக்குள் குடித்தனம்

பனி நனைக்கிறதே என்று பானைகளை வீட்டுக்குள் ஏற்றினேன். கட்டில்மேல் பானை, சாமி படத்தடியில் பானை. நானும் சம்சாரம் பேச்சியும் வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். உள்ளே சூடு நிற்கட்டும் என்று அடுப்பை அணையவிடவில்லை. வந்தது வினை. அடுப்பைப் பார்த்த பக்கம் முதலில் காய்ந்து இறுகி, பாதிப் பானைகளுக்கு வாய் ஒருபக்கமாகத் தாழ்ந்துவிட்டது. மறுபடி வனைய நாளில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பேச்சி சாக்கை உதறினாள்.

“நமக்குப் பனி, அதுகளுக்கு அடுப்பு. இம்புட்டுச் சொகம் குடுத்தா சாஞ்சுதான் படுக்கும்.”

சூளையில் கிழங்கு

சாய்ந்ததையும் சேர்த்து அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசித் தீ வைத்தேன். குளிர்காயத் தெருவே வந்துவிட்டது. ஒருவர் ஈரவேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விறகெடுத்து வருவதற்குள், பேச்சியின் தம்பி கருப்பு சூளைப் பூச்சை உடைத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சொருகியிருக்கிறான். குளிர்காற்று புகுந்தால் பானை விரிசல் விடும். சேற்றை அள்ளி அப்பினேன். உள்ளே டப் டப்பென்று சில விரிந்தே போயின. அவன் முகம் வாடிவிட்டது.

“அவசரப்பட்டு அடச்சிட்டீங்களே மச்சான், கிழங்கு ஒருபக்கம் வேகலையே!”

தாழ்ந்த வாய்

நேரான பானைகள் விற்றுப் போயின. சாய்ந்தது எல்லாம் மிச்சம். போகிக்கு முந்தின நாள். திருநகரில் வேலை பார்க்கும் வாத்தியாரம்மா ஒருவர் பொங்கலுக்கு ஊர் வந்திருந்தார். போன வருசம் அவர் வைத்த பால் தெற்கே பொங்கி வழிந்ததாம். மாமியார் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். கிழக்கே பொங்குகிற பானையாகக் கொடு என்றார். அப்படி ஒரு பானை உலகத்தில் இல்லை என்றேன். அவர் சாய்ந்த பானை ஒன்றை எடுத்தார். தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கே திருப்பித் தரையில் வைத்தார். குனிந்து பார்த்தார்.

“இம்புட்டு நல்ல சரக்கை மூலையில ஒளிச்சு வச்சிருக்கீங்களே!”

நேரான வாய்

சேதி பரவி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஒரு பானை மிச்சமில்லை. அடுத்த மார்கழியில் வெயில் கொளுத்தியது. எல்லாப் பானையும் அச்சில் வார்த்தது போல நேர். மாயாண்டிதான் முதலில் வந்தார். சுண்டினார், வெண்கலம் மாதிரி ஒலித்தது. அப்போதும் முகம் கோணினார்.

“சத்தமெல்லாம் சரிதாண்ணே. வாய் நேரா இருக்கே, எந்தப் பக்கம் பொங்கணும்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

நேராக வனையப் பழகவே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. மீதி ஆயுசில் வனைந்ததையெல்லாம் அடுப்படியில் வைத்துச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன்.