கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்தைந்து

1. முதல் பீரியட்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பெண்கள் டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூல். அங்கே கணக்குப் பாடம் எடுக்கத்தான் சேர்ந்தேன். முப்பதுகளின் கடைசியில், ஒரு கோடை லீவில் மதராஸுக்குப் போய் ஆறு வாரம் லைப்ரரி கோர்ஸ் படித்தேன். அதுதான் வினை. திரும்பி வந்ததும் பெரிய டீச்சர் மூன்று புத்தக பீரோ சாவியைக் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் எடுங்க" என்றுவிட்டார். அந்தப் பீரியடில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவருக்கும் தெரியாது. சத்தியமாக எனக்கும் தெரியாது.

ஜூன் மாசம், சாரல் விழுந்து புத்தகமெல்லாம் நமுத்துக் கிடந்தது. எதிரே இருபத்தெட்டுப் பெண்கள். முழித்துக்கொண்டு நின்ற எனக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. எங்கள் வட்டார வீடுகளில் அப்போது பிறந்த நாளை மலையாளத்துக் கொல்லம் ஆண்டில்தான் குறித்து வைப்பார்கள். "உங்க உங்க ஆண்டை இங்கிலீஷ் வருஷமாக மாத்துங்க. அந்த வருஷம் உலகத்தில் என்ன நடந்ததுன்னு புத்தகத்தில் தேடி எழுதுங்க. ஒரு புத்தகத்தோடு நிறுத்தாதீங்க, இன்னொண்ணையும் பாருங்க" என்றேன்.

எப்படி மாற்றுவது? அதற்கும் என்னிடம் சூத்திரம் இருந்தது. கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்ட வேண்டும். தடித்த அட்டை போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் அப்படித்தான் இருந்தது. நான் தை மாசம் பிறந்தவள். என் ஆண்டைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக வந்தது. போர்டில் பெரிதாக எழுதிப் போட்டேன். கணக்கு டீச்சர் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

2. பகவதி சொன்னது

எங்கள் ஸ்கூலில் சேரப் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். அட்மிஷன் ரிஜிஸ்தரில் பிறந்த தேதியை இங்கிலீஷில் எழுத வேண்டும். கிளார்க் அண்ணாச்சி அதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தவர், என் பீரியட் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, பிள்ளையள் எழுதுன தாளக் குடுங்க. எனக்கு வேல மிச்சம்லா."

பெருமையோடு கொடுத்தேன். மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பகவதி என்ற பெண்ணுக்குப் பதினாறுதான் ஆகிறதாம், வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

பகவதி செங்கோட்டைப் பெண். அது அப்போது திருவாங்கூர் சமஸ்தானம். தாலுகா கச்சேரியிலிருந்து அவள் எழுதி வாங்கி வந்த பிறப்புக் குறிப்பில் 1097 ஐப்பசி என்று மட்டும் இருந்தது. என் சூத்திரப்படி 1922. இந்த வருஷம் சேர முடியாவிட்டால் அடுத்த வருஷம் அவள் வரப்போவதில்லை. புனலூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். படிப்பா கல்யாணமா என்று வீட்டில் இழுபறி நடந்து, பாதி மனசோடுதான் அப்பா அனுப்பியிருந்தார்.

பகவதி பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். யாரோ இனாமாகக் கொடுத்த பஞ்சாங்கக் கட்டில் இருந்தது அது. குப்பை என்று கீழ்த்தட்டில் தள்ளி வைத்திருந்தேன்.

"டீச்சர், இன்னொரு புத்தகம் பாக்கச் சொன்னீயள்லா. இதுல ஆயிரத்துத் தொண்ணூத்தேழு ஐப்பசிக்கு நேரே இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

எனக்குக் குழப்பம். தடித்த புத்தகம் ஒன்று சொல்கிறது, சாணித்தாள் பஞ்சாங்கம் வேறொன்று சொல்கிறது. எனக்கே சரியாக வந்த கணக்கு இவளுக்கு எப்படித் தப்பாகும்?

"அச்சுப் பிழையா இருக்கும். போய் உட்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். சாயங்காலம் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

3. இரண்டு நாள்

பஞ்சாங்கம் என் மேஜையிலேயே கிடந்தது. எடுத்து மூடினேன். திரும்பத் திறந்தேன். கீழ்த்தட்டுக் கட்டைப் பிரித்து வேறு இரண்டு வருஷத்துப் பஞ்சாங்கத்தை உருவினேன். ஐப்பசிக்குப் பார்த்தால் வித்தியாசம் எண்ணூற்று இருபத்துநாலு, மாசிக்குப் பார்த்தால் எண்ணூற்று இருபத்தைந்து. தலை சுற்றியது. ஒரே ஆண்டுக்கு எப்படி இரண்டு விடை?

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. இங்கிலீஷ் வருஷம் மார்கழி நடுவில் பிறக்கிறது. அந்த இடைப்பட்ட மாசங்களில் பிறந்தவர்களுக்கு ஒன்று குறைத்துத்தான் கூட்ட வேண்டும். நான் தையில் பிறந்ததால் எனக்குச் சரியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்! பகவதிக்குப் பதினேழு முடிந்து ஏழு மாசம் ஆகியிருந்தது.

பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

"இருபத்தெட்டுப் பேருக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"ஏழு பேருக்குத்தான் தப்பாகும் டீச்சர்."

"ரொம்ப சந்தோஷம். போய்க் கூட்டிட்டு வாங்க."

4. செங்கோட்டையில்

மூன்று பஞ்சாங்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பகவதியின் அப்பா தேங்காய் வியாபாரி. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, அன்னைக்கும் புஸ்தகத்தப் பாத்துத்தான் வயசு இல்லன்னு அனுப்புனீய. இன்னைக்கும் புஸ்தகத்தப் பாத்துத்தான் வயசு இருக்குன்னு வந்து நிக்கீய. இதுல நான் எத நம்ப?"

"புஸ்தகத்தை விடுங்க அண்ணாச்சி. தப்பு என்னுது. உங்க மக அன்னைக்கே சரியாச் சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

"அத எழுதிக் குடுப்பீயளா?"

தப்பு என்னுடையது, பகவதிக்கு வயது உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கினார். படிக்கவில்லை. கதவோரம் நின்ற மகளிடம் நீட்டினார்.

"ஏட்டி, சரியா இருக்கான்னு நீ பாத்துச் சொல்லு."

பகவதி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"தேதி போடலையே டீச்சர்."

இங்கிலீஷ் தேதியைப் போட்டேன். அவள் தாளைத் திரும்ப நீட்டினாள். பக்கத்திலேயே கொல்லம் தேதியையும் போட்டேன். இரண்டையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

அதற்கப்புறம் பல வருஷம் லைப்ரரி பீரியட் எடுத்தேன். ஒரு கணக்கு எனக்குச் சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது, அது எல்லோருக்கும் சரியென்று ஆகிவிடாது. இன்னொரு புத்தகத்தைப் பார் என்று சொல்லிவிட்டு, பார்த்துவிட்டு வந்த பிள்ளையை உட்காரச் சொல்லவும் கூடாது. மதராஸில் ஆறு வாரம் படித்ததில் இந்த இரண்டும் இல்லை.