பாலைப்பழக் காட்டில் தம்பியை விட்டுவிட்டு வந்தது

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. ஐம்பதுகளின் கடைசியாக இருக்க வேண்டும். அப்பா தன்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவரிடம் காரை இரவல் வாங்கி வந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட உடுப்போடேயே எங்களை ஏற்றிக்கொண்டு கப்பல்துறை ஊருக்கு அப்பால் காட்டுக்குள் காரை விட்டார். பாலைப்பழக் காலம். அம்மா புட்டும் முட்டைப்பொரியலும் கட்டி எடுத்திருந்தா.

அப்பா கொப்பை வளைத்துப் பிடிக்க, நானும் அம்மாவும் பறித்தோம். பழம் நல்ல இனிப்பு. ஆனால் அதன் பால் உதட்டில் பசைபோல ஒட்டும். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. வாய் ஒட்டுது என்று சிணுங்கினான். பிறகு எறும்பு கடித்தது. பிறகு ஒரே பாட்டு, வீட்டை போவம், வீட்டை போவம்.

"ஆம்பிளைப் பிள்ளை மாதிரி நில்லடா."

"எனக்கு ஏலாது அப்பா."

"அப்ப இங்கையே இரு. கரடிக்குப் பாலைப்பழம் எண்டால் உயிர். வரும், அதோடை இருந்து சாப்பிடு."

தம்பி கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அப்பா எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்து, காருக்கு வரும்படி சைகை காட்டினார்.

"வேண்டாமப்பா, சின்னப்பிள்ளை" என்றா அம்மா.

"ரெண்டு நிமிசம். குணம் திருந்தும்."

அம்மா ஏறினா. நானும் ஏறினேன். கார்ச் சத்தம் கேட்டுத் திரும்பிய தம்பி ஓடி வந்தான். ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது. நான் பின்சீற்றில் முழங்காலில் நின்று, கண்ணாடிக்குள்ளால் அவனுக்குக் கை காட்டிச் சிரித்தேன். அவன் நொண்டி நொண்டி ஓடியது எனக்கு அவ்வளவு பகிடியாக இருந்தது.

வளைவு தாண்டிக் காரை நிறுத்திய அப்பா, ஒரு சிகரெட்டை முழுதாகக் குடித்து முடித்தார். திரும்பிப் போனபோது பாதையில் சப்பாத்து மட்டும் கிடந்தது.

"வாடா வெளியாலை!" என்று முதலில் அதட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் மாறியது. அம்மா முள்ளுக்குள் புகுந்து சேலையைக் கிழித்துக்கொண்டா. எங்கள் கூக்குரல் கேட்டு, கிண்ணியாவிலிருந்து விறகு வெட்ட வந்த மனிதர் ஒருவரும் சேர்ந்து தேடினார். ஒரு மணித்தியாலமாவது போயிருக்கும். அவர்தான் கண்டுபிடித்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பற்றைக்குள் சுருண்டு கிடந்தான். சத்தம் வராமல் இருக்கத் தன் கையையே கடித்துக்கொண்டிருந்தான். பல் பதிந்த இடத்தில் இரத்தம்.

"ஒங்கட கொரலக் கேட்டும் புள்ள வரல்லயே" என்றார் அந்த மனிதர். தம்பியைக் குனிந்து பார்த்து, "என்னத்துக்கு ஒளிச்ச?" என்றார்.

"ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினவங்கள்" என்றார் அப்பா. அம்மா சேலைத்தலைப்பால் தம்பியின் கையைச் சுற்றினா. நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

திரும்பும் வழியில், தம்பியின் காற்சட்டை நனைந்து சீற்றிலும் ஊறியிருந்ததை அப்பா கண்டார். இரவல் கார். இறக்கி நிறுத்தி இரண்டு அறை விட்டார். தம்பி அழவில்லை. "பாத்தியே, திருந்திட்டான்" என்றார் அம்மாவிடம்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பேச்சு திக்கத் தொடங்கியது. நத்தார்ப் பண்டிகைக்கு ஆட்கள் வந்தால் அப்பா அந்தக் கதையை எடுப்பார். தம்பி ஓடியதை நடித்துக் காட்டிவிட்டு அவனை முன்னுக்கு இழுப்பார். "சொல்லு, பாலைப்பழம் தின்ன வாற உன்ரை சிநேகிதர் ஆர்?" அவன் "க... க..." என்று திணறுவான். கதிரைகளில் இருந்தவர்கள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "இந்தக் கதையை விடுங்கோவன்" என்று ஒருமுறை அம்மா சொன்னா. "பகிடிதானே" என்றார் அப்பா.

தம்பிக்குப் பத்து வயதானபோது, அப்பா வாய் திறக்க முதலே அவன் தானே சொல்லத் தொடங்கினான். தானே நொண்டிக் காட்டினான். வேண்டுமென்றே இன்னும் கூடத் திக்கினான். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு குசினிக்குள் வைத்து, ஏன் நீயே சொல்லுறாய் என்று கேட்டேன்.

"அப்பா நீட்டுவார் அக்கா" என்றான். "நான் சொன்னால் கெ... கெதியிலை முடியும்."