ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன அட்டைகள்

தையல் கம்பெனியில் அவரை எல்லோரும் அட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குவதுதான் அவர் வேலை. பெயர் வாங்கித் தந்ததோ வேறொன்று. சாயங்காலம் ஆறு மணியானால் வருகைப் பதிவு மெஷின் முன்னால் போய் நிற்பார். அந்த மாடியில் வேலை செய்கிற அத்தனை பேருடைய அட்டையையும் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். தேய்த்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணக்கு. ஆளோ ஒன்பது மணிவரை குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கும்.

ஆளாளுக்கு எழுந்து வந்து வரிசையில் நின்றால் வேலை கெடுகிறதாம். மேனேஜர் மூளையில் உதித்த ஏற்பாடு இது. நம்பிக்கையான ஆள் என்று இவரைத் தேர்ந்தெடுத்ததும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடம்பு முடியாத நாளில்கூட வந்து தேய்த்தார். இப்படியா ஒரு மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வான்? போட்டுக்கொண்டார், அதுவும் சிரித்த முகத்தோடு. ஓவர்டைமுக்கு மாதக் கடைசியில் கவரில் ஏதோ கொஞ்சம் வரும். சட்டப்படி இரட்டைக் கூலி என்பது அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் அந்தக் கவரும் வராது, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, குளியலறை வீட்டுக்குள்ளேயே. வாடகை வீட்டில் வாளியோடு வரிசையில் நின்று அலுத்துப்போன அவர் மனைவி, அந்தக் குளியலறைக் கதவை நாலு தடவை மூடித் திறந்து பார்த்தாள். சங்கிலியை விற்று அட்வான்ஸ் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு பேங்க் லோன்.

பேங்கில் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இதுக்கு இவ்வளவு லோன் வராதுங்க."

"கவர்ல தனியா வருதுங்க சார்."

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்? கம்பெனில லெட்டர் வாங்கிட்டு வாங்க."

லெட்டர் கேட்கலாம் என்று இவர் தயங்கிக்கொண்டிருந்த வாரத்தில், பட்டன் தைக்கிற அக்கா தொழிலாளர் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டாள். எல்லோருக்கும் சேர வேண்டிய ஓவர்டைம் கூலிக்காக. மெஷினைப் பார்த்தால் எல்லோரும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். அது பொய் என்று வேறு யார் சொன்னாலும் எடுபடாது, தேய்த்த அட்டைக்காரரே சொன்னால்தான் உண்டு.

மேனேஜர் இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். இவர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"வீடு வாங்குறீங்களாமே? சந்தோஷம். ஓவர்டைமையும் சேர்த்து பேங்குக்கு லெட்டர் ரெடியா இருக்கு. இன்னொரு பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போடணும். ஆறு மணிக்கு மேல இங்க யாரும் வேலை செய்யறதில்ல, அவங்கவங்க அட்டைய அவங்கவங்கதான் தேய்க்கிறாங்கன்னு. அந்த ஆபீசர் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க."

ஒரே மனுஷன் ஒரு தாளில் ஓவர்டைம் பார்க்கிறார், இன்னொரு தாளில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார். இதைச் சொல்லும்போது மேனேஜருக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று இவர் எழுந்து வந்தார்.

மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"போட்டுக் குடுங்க. நாம மட்டும்தான் யோக்கியமா இருக்கணும்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவள் அவள்.

மறுநாள் பட்டன் அக்கா படிக்கட்டில் இவரை நிறுத்தினாள். "தம்பி, எனக்காக ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டாம். என் அட்டைய யாரு தேய்ச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அன்று மத்தியானமே ஆபீசரம்மா வந்தார். இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சாயங்காலம் இவங்க அட்டையெல்லாம் யார் தேய்க்கிறது?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். அட்டைக்காரர் மெஷின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. சொன்ன பொய்யைக் கடைசிவரை மறக்காமல் காப்பாற்றுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அவரிடம் மிச்சமில்லை.

"நான்தாம்மா. எல்லாருடையதும் நான்தான்."

ஆபீசரம்மா எழுதிக்கொண்டார். கூலி வருமா, எப்போது வரும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்பதை மேனேஜர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. ஆறு மணிக்கு அவரவர் அட்டையை அவரவரே தேய்த்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

கதவைத் திறந்த மனைவி பதறிப்போனாள். "என்னங்க இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

நடந்ததைச் சொன்னார். லோன் இல்லை, வீடு இல்லை, கொடுத்த அட்வான்சும் திரும்பாது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நடு அறையில் நின்றுகொண்டிருந்தார். அழுது ஓய்ந்து அவள் முகத்தைத் துடைத்தபோதும் அப்படியே நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"இல்ல... மணி ஏழுகூட ஆகல. இந்நேரத்துல வீட்டுல என்ன செய்யறது?"

அவளுக்கும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த நேரத்தில் அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.