வேறு காரணம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மொன்றியலில் இருபத்தேழு வருடம் டாக்சி ஓடினேன். பின்சீட்டில் இருப்பவர்களோடு கதைத்துக் கதைத்தே பிரெஞ்சு பழகினேன், வாயும் அப்போது நீண்டதுதான். இப்போது ஓய்வு. நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் இருக்கும் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று உண்டு. சனிக்கிழமை காலைகளில் அங்கே உலர்த்தும் மெசினின் மேல் கடதாசிகளைப் பரப்பி, பிரெஞ்சு தெரியாத எங்கள் சனத்துக்குக் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. ஊர்ப் புதினம் கிடைக்கும், அது போதும். கிடைத்த புதினத்தை நான் பூட்டி வைப்பதும் இல்லை. என்னை 'ரேடியோ அருமைராசா' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சிலர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள்.

புஷ்பராணி எனக்குக் கீழே, பேஸ்மென்ற் வீட்டில் இருக்கிறா. ஐம்பத்தொரு வயது, பிள்ளைகள் இல்லை. புருசன் உருத்திரமூர்த்தி டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ற் சமையலறையில் பதினாறு வருடம் வேலை செய்த மனிதன். ஆறு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் தப்பியது, கதைப்பார், பகிடி விடுவார். ஆனால் கை இல்லாத சமையல்காரனை யார் வைத்திருப்பார்கள்? கையில் இருந்தது எல்லாம் முடிந்தபின் அரசாங்கத்தின் உதவிப்பணம் எடுத்தார்கள். வெல்ஃபெயர் என்று எங்கள் சனம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் அந்தப் பணம்தான்.

அதோடு கார்னே என்று ஒரு கடதாசி வரும். அதை மருந்துக் கடையில் காட்டினால் மருந்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். உருத்திரமூர்த்திக்கு இரத்த அழுத்தத்துக்கு, சீனி வருத்தத்துக்கு, இரத்தம் கட்டாமல் இருக்க என்று ஒரு நாளைக்கு ஏழு குளிசை. புஷ்பராணிக்கு உதவிப்பணத்தை விட அந்தக் கடதாசிதான் பெரிது. அதை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தா.

மூன்று வருடத்துக்கு முன் அவவுக்கு ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலை சரிவந்தது போல இருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். சந்தோசத்தில் தமிழ்க் கடையில் இரண்டு பேருக்குச் சொன்னேன், கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன். அடுத்த கிழமை அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அன்று பின்னேரம் கீழ்வீட்டில் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தார்கள். ஊர் வாய் பட்டதென்று நாவூறு கழித்தார்களாம். கட்டடம் முழுக்கப் புகை மணி அடித்து எல்லாரும் செருப்போடு றோட்டுக்கு ஓடினோம். நான் அதையும் ஒரு பகிடியாக ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். யாருடைய நாவூறு என்று நான் யோசிக்கவே இல்லை.

போன வருடம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை புஷ்பராணி வந்தா. உடுப்புக் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு நின்றா.

"அண்ணை, ஒரு கடிதம் எழுதோணும். வெல்ஃபெயர் இனி வேண்டாம் எண்டு."

"ஏன் பிள்ளை, வேலை ஏதும் கிடைச்சதோ?"

"இல்லை."

"பேந்து எப்பிடி?"

"அது பேந்து சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ."

படிவத்தில் காரணம் கேட்டிருந்தது. வேலை கிடைத்தது, உறவினர் பார்க்கிறார்கள், வேறு இடம் போகிறோம் என்று பெட்டி பெட்டியாக. கடைசிப் பெட்டி, வேறு காரணம். எது போட என்று கேட்டேன்.

"வேற காரணம் எண்டு போடுங்கோ."

போட்டேன். அவ கையெழுத்து வைத்தா. எனக்குக் கோபம். இவ்வளவு செய்கிறேன், ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. லொத்தர் விழுந்திருக்குமோ என்றுகூட அன்று பின்னேரம் ஒருவரிடம் கேட்டேன்.

உண்மையில் வேலை கிடைத்திருந்தது. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம். ஏஜென்சி மூலம், பெட்டிகளில் சாமான் அடுக்கி ஒட்டும் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரம் ஆகும்வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று புருசனும் பெண்சாதியும் சாமிப் படத்துக்கு முன்னால் முடிவெடுத்தார்களாம். வேலை செய்துகொண்டு உதவிப்பணத்தையும் எடுக்க அவவுக்கு மனம் இல்லை. களவு அது. அதனால் வேலை தொடங்கும் மாதத்தோடு நிற்பாட்டச் சொல்லி எழுதினா. நேர்மையாகத்தான் செய்தா. எனக்கும் ஊருக்கும்தான் மறைத்தா. என் கையால் எழுதிய கடதாசியில் மறைத்தபடியால் அரசாங்கத்துக்கும் மறைந்துபோனது.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறிப் போய், பின்னேரம் ஐந்துக்கு வருவா. கோயிலில் யாரும் கேட்டால் கனகாலமாகச் சுகமில்லாத ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாகச் சொல்வா. நானும் நம்பினேன்.

கார்னே நின்றது. மருந்துக் கடையில் ஒவ்வொரு மாதமும் மருந்து விலையில் அவர்கள் கட்டவேண்டிய பங்கைக் கேட்டார்கள். வேலை கிடைத்தால் இது எல்லாம் நிற்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்தா. கட்டினா. வாடகை, பஸ், கறண்ட், அதற்குள் மருந்து. மருந்துக் கடைத் துண்டை அவ மேசையில் வைக்க, உருத்திரமூர்த்தி அதை இடது கையால் எடுத்து வாசிப்பார்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். கதவு பூட்டவில்லை. உருத்திரமூர்த்தி குசினி நிலத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அம்புலன்சுக்கு அடித்தேன். புஷ்பராணிக்கும் அடித்தேன், பதில் இல்லை. களஞ்சியத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது.

மேசையில் ஒரு பிளேட், பட்டர் பூசுகிற கத்தி, பாதியாக வெட்டிய ஒரு குளிசை. பக்கத்தில் ஒரு தேயிலைப் பேணி. குளிசைகளைக் கையோடு கொண்டுவரச் சொல்லி அம்புலன்ஸ்காரர் கேட்க, பேணியைத் திறந்தேன். உள்ளே பாதிக் குளிசைகள். வெள்ளை, மஞ்சள், றோஸ் என்று முக்கால் பேணி. மனிசி காலையில் வெளிக்கிட்டுப் போனபின் ஒவ்வொரு நாளும் பாதியை விழுங்கிவிட்டுப் பாதியை அடுத்த மாதத்துக்குச் சேர்த்திருக்கிறார். வாய் கிடந்தும் மனிசன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மெலனி என்ற சமூக சேவையாளர் எங்களைக் கூப்பிட்டு இருத்தினா. இளம் பிள்ளை, மெதுவாகக் கதைப்பா. நான் இருவருக்கும் இடையில் மொழிபெயர்த்தேன். பேணியை மேசையில் வைத்து, மருந்து ஏன் இப்படி என்று கேட்டா. கார்னே நின்றுபோனது என்றேன்.

"ஏன் நின்றது?"

நான் புஷ்பராணியைப் பார்த்தேன். அவ பேணியைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"எனக்கு வேலை கிடைச்சது எண்டு சொல்லுங்கோ அண்ணை. செப்டெம்பரில."

சொன்னேன். மெலனி நெற்றியைச் சுருக்கினா. வேலை கிடைத்ததால் உதவிப்பணம் நின்றால் மருந்துச் சலுகை அதே நாளில் நிற்பதில்லையே, கொஞ்சக் காலம் தொடருமே, சனம் மருந்துக்குப் பயந்து வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்றுதானே அந்த ஏற்பாடு என்றா. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தா. "இங்கே வேலை என்று இல்லை. வேறு காரணம் என்று இருக்கிறது."

இருபத்தேழு வருடம் பழகிய பிரெஞ்சு. அந்த ஒரு வசனத்தைத் தமிழாக்க எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே புஷ்பராணிக்கு அது விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரிஞ்சால் ஊருக்குத் தெரியும் எண்டு பயந்தனான் அண்ணை," என்றா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவவைக் குற்றம் சொல்லலாம். நாவூறு என்ன, இந்தக் காலத்தில் என்ன என்று படித்தவர்கள் கேட்கலாம். கார்டெரி வேலையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் என்னுடையது. அந்தப் பெட்டியில் புள்ளடி போட்ட பேனையும் என்னுடையது. இரண்டு முறை துருவிக் கேட்டவன், காரணம் அறிந்து உதவுவதற்குக் கேட்கவில்லை, புதினத்துக்குத்தான் கேட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திருத்தக் கடிதத்தை நானே எழுதினேன். ஏஜென்சியிடம் வேலை தொடங்கிய நாளைப் போட்டுக் கடிதம் வாங்கினேன், சம்பளத் துண்டுகளை வைத்தேன், மெலனி தன் பங்குக்கு ஒன்று எழுதினா. ஏழு கிழமை போனது. அதற்குள் உருத்திரமூர்த்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு போய்விட்டது. வலது காலும் விழுந்துவிட்டது. பகலில் ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போவா, மிச்ச நேரம் நான் இருந்தேன். புஷ்பராணி வேலையை விடவில்லை, விட முடியாது. ஐந்து மணிக்குப் போவா, ஐந்து மணிக்கு வருவா. அவ அழுததை நான் ஒரு நாளும் காணவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பா, கை தன்பாட்டில் உடுப்பை மடித்துக்கொண்டிருக்கும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கடிதத்தோடு தோய்க்கும் அறைக்கு வந்தா. உறை திறக்கவில்லை. நான் திறந்து வாசித்தேன். செப்டெம்பரில் நின்றது வேலையால்தான் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மருந்துச் சலுகை திரும்பத் தந்திருந்தார்கள், கடையில் கட்டிய காசையும் கேட்டு வாங்கலாம் என்று இருந்தது.

"கிடைச்சிட்டுது பிள்ளை."

"ஓம்," என்றா. ஒரு தலையணை உறையை நாலாக மடித்துக் கூடையில் வைத்தா. "மத்தியான மருந்துக்கு நேரமாச்சு அண்ணை. வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

உருத்திரமூர்த்தி மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். புஷ்பராணி குளிசைகளைப் பிளேட்டில் போட்டுவிட்டுத் தண்ணி எடுக்கத் திரும்பினா. அவர் இடது கையை நீட்டி, பாண் பக்கத்தில் கிடந்த பட்டர்க் கத்தியை எடுத்தார். ஒரு வெள்ளைக் குளிசையை அழுத்தினார். அது இரண்டாக உடைந்தது. ஒரு பாதியை விரலால் மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார். முகத்தில் ஒரு நிதானம், நல்ல காரியம் செய்கிற மனிதனின் முகம்.

புஷ்பராணி கத்தியை வாங்கி வைத்தா. இரண்டு பாதியையும் எடுத்து அவர் வாயில் வைத்துத் தண்ணி பருக்கினா. ஒவ்வொரு நாளும் இதுதான் என்றா. கத்தியை ஒளித்தால் பல்லால் கடிப்பாராம்.

எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பிக் கதவடியில் நின்று, "இதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் பிள்ளை. சத்தியமாய்," என்றேன்.

அவ பிளேட்டைக் கழுவிக்கொண்டு, திரும்பாமலே சொன்னா.

"இனிச் சொல்லுங்கோ அண்ணை. போன கிழமை வேலையும் நிரந்தரமாச்சு. ஆர் கேட்டாலும் சொல்லுங்கோ. இனி இந்த வீட்டில நாவூறு பட என்ன கிடக்கு?"

அதனால்தான் சொல்கிறேன்.