பால்மா டின்னுக்குள் ஒரு சம்மதம்

போன வாரம் சாய்ந்தமருதில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண்ணின் கையிலேயே வயரில்லாத மைக்கைக் கொடுத்து "சம்மதம்" என்று சொல்ல வைத்தார்கள். வீடியோக்காரருக்குச் சரியாக விழவில்லையாம், மறுபடியும் சொல்லச் சொன்னார். பிள்ளை சிரித்துக்கொண்டே மறுபடியும் சம்மதித்தது. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி அந்தப் பால்மா டின்னை எடுத்தேன். மூடியைத் திறந்தால் இன்னமும் ஈயம் உருக்கின வாசம் அடிக்கிறது, நம்புங்கள்.

கல்முனையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் நான் வேலை பார்த்த காலம். கல்யாணங்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுவதும் நாங்கள்தான். என்னை நான் பெரிய விஞ்ஞானி என்று நினைத்திருந்தேன். முதலாளி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் மருதமுனை ஆதம்பாவாக் காக்கா வந்தார். மகள் நஸீஹாவுக்குக் கல்யாணம். ஆசிரியர் கலாசாலைக்கு இடம் கிடைத்த பிள்ளையை விருப்பமில்லாமல் கட்டிக்கொடுக்கிறார் என்று ஊர் கதைத்தது. காக்காவுக்கு அது தாங்கவில்லை.

"என்ட மகள்ற சத்தம் மெல்லிசு தம்பி. அவ ஓமெண்டு செல்றது பந்தல் முழுக்கக் கேக்கணும். ஊர்ர வாய அடைக்கணும்."

இப்படியொரு வேலைக்காகத்தானே காத்திருந்தேன். பழைய கசெற் ரேடியோவிலிருந்து கழற்றிய கடலையளவு மைக், ஒரு ட்ரான்சிஸ்டர், சில கண்டன்சர்கள், சின்னப் பற்றரி, எல்லாம் சேர்ந்தால் ஒரு பிரீஆம்ப். மைக் பிடிக்கும் மெல்லிய ஓசையைத் தூக்கி அம்ப்ளிபயருக்குக் கொடுப்பதுதான் இந்தப் பிரீஆம்பின் வேலை. இரைச்சல் புகாமலிருக்க, மைக்குக்கு மட்டும் மூடியில் ஒரு துளை விட்டு, எல்லாவற்றையும் பால்மா டின்னுக்குள் அடைத்தேன். கடையில் போட்டுப் பார்த்தபோது முதலாளி தேநீர் உறிஞ்சுவது கடல் இரைவதுபோல் கேட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிக்காஹுக்கு முன் வாப்பாவும் சாட்சிகளும் அறைத் திரைக்கு வெளியே நின்று பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். வெட்கத்தில் அவள் பேசாவிட்டால், பேசாததே சம்மதம். எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு. பெண்கள் பக்கம் நான் போக முடியாதே, டின்னை உள்ளே கொண்டுபோய் வைத்தது நஸீஹாவின் ராத்தா, அவளுடைய மூத்த சகோதரி.

காக்கா கேட்டார். சத்தமில்லை. மறுபடியும் கேட்டார். "சம்மதம்தான்" என்று சாட்சிகள் திரும்பினார்கள். அப்போது பந்தலிலும் தெருவிலும் வளையல் கிணுகிணுத்தது. பிறகு நஸீஹாவின் குரல்.

"ராத்தா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணா. நான் படிக்கப் போகணும்."

பந்தலில் ஒரு பெரியவர் சட்டம் பேசினார். "அவ நம்மளோட கதைக்கல்ல. ராத்தாவோடதான் கதைச்ச. நம்மட கணக்குல அவ இன்னும் பேசாமத்தான் இரிக்கா."

பலர் தலையாட்டினார்கள். கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்ததல்லவா. வயரைப் பிடுங்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார்கள். இன்னும் திரையருகில் நின்ற ஆதம்பாவாக் காக்காதான் அங்கிருந்தே கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"எனக்குக் கேட்டுட்டு. கேக்காத மாதிரி இனி இரிக்க ஏலா."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்ப்ளிபயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் சஹனை முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனார்கள்.

நஸீஹா கலாசாலைக்குப் போனாள். என் டின்னை அதன்பிறகு எவரும் கேட்கவில்லை. லவுட்ஸ்பீக்கர் மட்டும் போதும் என்று அழுத்திச் சொல்லிவிட்டே போவார்கள்.

இப்போது திரையும் இல்லை, வெளியே நின்று கேட்கும் வாப்பாவும் இல்லை. போன வார மண்டபத்தில், இரண்டாம் முறை சம்மதித்த பிறகு, அந்தப் பெண் மைக்கை இறக்கிவிட்டுப் பக்கத்திலிருந்த தன் ராத்தாவின் காதருகே குனிந்து என்னவோ சொன்னது. அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.